‘நல்லா இருக்கு’ என்று சொல்லாத ஊர்

திருமணமாகிக் கேரள எல்லையோரக் கொல்லயிலுக்கு வந்த முதல் வாரத்தில் நான் வைத்த மீன்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டே என் கணவர், “குழப்பமில்ல” என்றார். நான் தூத்துக்குடிக்காரி. எங்கள் வீட்டில் குழம்பு நன்றாக இருந்தால் ‘ஆகா’ என்பார்கள். நன்றாக இல்லாவிட்டாலும், வைத்தவள் மனம் நோகக் கூடாதென்று ‘ஆகா’ என்பார்கள். ஒரு குழம்புக்குக் குழப்பமில்லை என்று நற்சான்று கிடைத்ததை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். புளி கூடிவிட்டதா, தேங்காய் சரியாக அரைபடவில்லையா என்று பிற்பகல் முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன். மாலையில் மாமியார் வந்து, “அவன் இண்ணைக்கு மூணு தடவ சோறு வாங்கினான், பாத்தியா?” என்று கேட்ட பிறகுதான் மூச்சு சீரானது.

இந்த ஊரின் பாராட்டுக்கு ஓர் ஏணி உண்டு என்பதும், அதன் படிகள் வெளியூர்க் கண்ணுக்குத் தெரியாது என்பதும் போகப் போகப் புரிந்தது. அடிப்படி, “உப்பு உண்டு.” இது பாராட்டே அல்ல, வெறும் தகவல். அதற்கு மேல், “தின்னலாம்.” அதற்கும் மேல், “குழப்பமில்ல.” பிறகு, “தரக்கேடில்ல.” அதாவது, தரத்தில் கேடு ஒன்றும் இல்லை. உச்சியில் இருப்பது, “கொள்ளாம்,” அதாவது ஏற்றுக்கொள்ளலாம். இருபத்திரண்டு ஆண்டு மணவாழ்க்கையில் என் கணவர் ‘கொள்ளாம்’ சொல்லி நான்கு முறை கேட்டிருக்கிறேன். அவற்றில் ஒன்று பக்கத்து வீட்டு மோட்டார் பம்புக்கு.

ஏன் இப்படி என்று கேட்டால் கண்ணேறு என்பார்கள். வெள்ளரிப் பிஞ்சை விரல் நீட்டிச் சுட்டினால் வெம்பிவிடும் என்பது இங்கே சிறுபிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. மனிதர்களும் ஒருவகையில் பிஞ்சுகள்தாம். நேராகச் சுட்டக் கூடாது, சற்றுத் தள்ளி, வேறெங்கோ பார்த்தபடி, எதிர்மறையில் சொல்ல வேண்டும். கலியாண வீட்டில் நான்கு பாயசம் குடித்துவிட்டு, “பாயசம் மோசமில்ல, என்னா?” என்று ஒருவர் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் சொன்னால், சமையற்காரருக்கு அது போதும். அவர் அதைக் கேட்காதது போல இருப்பார்; அதுவும் முறைதான்.

தனுவச்சபுரம் பக்கத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் நான் வேலை பார்க்கிறேன். அங்கே வரும் பிள்ளைகள் இந்த ஏணியை எப்போதோ எடுத்துப் பரணில் போட்டுவிட்டார்கள். பரீட்சை தள்ளிப்போனால் அடிபொளி, அதாவது அட்டகாசம். கேன்டீனில் முட்டை பஃப்ஸ் சூடாக இருந்தால் அடிபொளி. நூலகத்தில் மின்விசிறி சுற்றினால் அதுவும் அடிபொளி. நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நூலகத்தில் கழித்துப் போட்ட தடித்த ஆங்கில ஒத்தசொல் அகராதி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஓய்வு நேரத்தில் கதைப்புத்தகம் போல வாசிக்கிறவள் நான். அதில் ‘குட்’ என்ற எளிய சொல்லுக்கு ஒன்றரைப் பக்கத்துக்கு உறவினர்கள் இருக்கிறார்கள். அந்த உறவினர்கள் எங்கே எப்படி நடந்துகொள்வார்கள் என்பதை மட்டும் அகராதி சொல்வதில்லை. ‘நைஸ்’ என்பது பெரும்பாலும் காதில் வாங்காதவர் சொல்வது. ‘ஃபைன்’ என்று மனைவி சொன்னால் கணவன் அன்று வாயைத் திறக்காமல் இருப்பது நலம். ஒரு பேராசிரியர் ‘இன்ட்ரஸ்டிங்’ என்றால், எதிரே இருப்பவர் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட அவர் ஏற்கவில்லை என்று கொள்ளலாம். ‘எக்ஸலண்ட்’ என்ற சொல்லையோ, வாடிக்கையாளர் சேவைக்காரர்கள், நாம் நம்முடைய கைப்பேசி எண்ணைச் சரியாகச் சொன்னதற்கே தந்துவிடுகிறார்கள்.

ஆங்கிலத்தின் பாராட்டுச் சொற்கள் ஆண்டுக்காண்டு மேல்படிக்கு ஏறிக்கொண்டே இருக்கின்றன. எங்கள் ஊர்ச் சொற்கள் கீழ்ப்படியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கின்றன. இரண்டும் ஒருநாள் ஒரே தாளில் சந்தித்தன. அந்தத் தாள் என் நாத்தனாருடையது.

நாத்தனார் என்றால் என் கணவரின் தங்கை. எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவே ஒரு தென்னந்தோப்புதான். பாறசாலை அருகே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பதினாறு ஆண்டுகளாக நர்ஸ். அவள் கணவர் மஸ்கட்டில் இருக்கிறார். பதினோரு ஆண்டுகளாக அவர்கள் ஆண்டுக்கு முப்பது நாள் மட்டும் குடும்பமாக வாழ்கிறவர்கள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அவர்கள் மகளுக்கு அப்பா என்பவர் பெரும்பாலும் கையகலச் செவ்வகம். பேசும், சிரிக்கும், நெட்வொர்க் போனால் வாயைத் திறந்தபடி உறைந்து நிற்கும். இங்கிலாந்தில் கடலோரமாக ஒரு முதியோர் இல்லத்தில் நாத்தனாருக்கு வேலை கிடைக்கும் போல இருந்தது. அங்கே போகிற நர்ஸ், கணவனையும் பிள்ளையையும் கூட அழைத்துப் போகலாம். மூவரும் ஒரே கூரையின் கீழ் வாழ அவளுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். ஆங்கிலத் தேர்வில் மூன்றாம் முறை தேறினாள். நேர்முகமும் முடிந்தது. மிச்சமிருந்தது, இப்போதைய மேலதிகாரி நிரப்பித் தர வேண்டிய ஒரு படிவம்.

அந்த மேலதிகாரி, ஆஸ்பத்திரியின் நர்சிங் சூப்பிரண்டு. பழைய மிஷன் சபைக் குடும்பத்துப் பெண்மணி, வீடு காஞ்சிரங்குளத்தில். ஓய்வு பெற இன்னும் சில மாதங்களே இருந்தன. தினமும் காலை ஏழு மணிக்கு வார்டு வாசலில் பதிவேட்டோடு நின்று, எந்தக் கட்டில் எந்த நர்சின் பொறுப்பு என்று பிரித்துக் கொடுப்பார். யாரையும் திட்ட மாட்டார், யாரையும் பாராட்டவும் மாட்டார். வார்டு அமைதியாக இருக்கிறது என்று யாராவது வாய்தவறிச் சொன்னால், “மிண்டாத!” என்று ஒரே சொல்லில் அடக்குவார். சொன்னால் அடுத்த அரைமணியில் ஆம்புலன்ஸ் வந்து நிற்கும் என்பது அவர் அனுபவம்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, என் அடுக்களையில் சாயா குடித்துக்கொண்டிருந்த நாத்தனாருக்கு எர்ணாகுளத்து ஏஜென்சியிலிருந்து அழைப்பு வந்தது. பேசியவள் சின்னப் பெண். குரலில் மரியாதை, தயக்கம்.

“சேச்சி, ஆஸ்பத்திரியில எந்தெங்கிலும் பிரஸ்னம் உண்டாயோ?”

எந்தப் பிரச்சினையும் இல்லை, ஏன் கேட்கிறாய் என்றாள் நாத்தனார். படிவம் இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாம். மேலதிகாரிக்கு உங்கள்மேல் இவ்வளவு தாழ்ந்த அபிப்பிராயம் ஏன் என்று அந்த இல்லத்தார் கேட்டிருக்கிறார்களாம். செவ்வாய்க்கிழமைக்குள் அவரிடமிருந்து விளக்கம் வர வேண்டும். வராவிட்டால் அந்த இடம் பட்டியலில் அடுத்தவருக்குப் போகும். சற்று நேரத்தில் படிவத்தின் படமும் கைப்பேசிக்கு வந்தது.

இருவரும் தலைமுட்டக் குனிந்து பார்த்தோம். இடமிருந்து வலமாக ஐந்து கட்டங்கள்: அவுட்ஸ்டாண்டிங், எக்ஸலண்ட், குட், சாட்டிஸ்ஃபாக்டரி, புவர். மேலிருந்து கீழாக நோயாளி பராமரிப்பு, மருந்தறிவு, நேர்மை என்று வரிசைகள். எல்லா வரிசையிலும் சூப்பிரண்டு நான்காம் கட்டத்தில், ‘சாட்டிஸ்ஃபாக்டரி’யில், அச்சடித்ததுபோல் ஒரே அளவில் டிக் போட்டிருந்தார். ‘நேரந்தவறாமை’ என்ற வரிசையில் மட்டும் அவர் கை தாராளமாகி ‘குட்’ வரைக்கும் போயிருந்தது. அடியில், கூடுதலாக ஏதேனும் சொல்ல விரும்பினால் எழுதுக என்ற இடத்தில், அழகான சாய்வெழுத்தில் இரண்டு வாக்கியம்: “நாட் பேட். நோ கம்ப்ளைன்ட்ஸ்.”

“பாத்தியளா மைனி?” என்றாள் நாத்தனார். குரல் மெல்லியதாகிவிட்டது. “வேணும்னே செய்ததாக்கும். அவியளுக்கு எனக்க மேல ஆதியிலேயே ஒரு இது உண்டு. பதினாறு வருசமா, பாடுபடுத்துதவரப் போடுத ஏழாம் கட்டில் ஆருக்கு? எனக்கு. கடிக்க வாறவரு, துப்புதவரு, மருந்தத் தட்டிவிடுதவரு ஒக்க ஆருக்கு? எனக்கு. மத்தவளுவளுக்கு ஜொரமும் சளியும். நான் போயி நல்லா இருக்கப்பிடாதுன்னு இருக்கு, அவ்வளவுதான்.”

எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் அழப்போகிறவளிடம் தர்க்கம் பேசுவது, மழையில் கோலம் போடுவதற்குச் சமம். ஆகவே, “நாளைக்கு நாமளே ஒரு கடிதம் எழுதுவோம். ஞாயித்துக்கிழமை அவங்க வீட்டுல போயி ஒப்பு வாங்கிட்டு வருவோம்” என்றேன். ஒப்பு என்றால் இங்கே கையெழுத்து.

சனிக்கிழமை முழுவதும் சாப்பாட்டு மேசையில் அகராதி விரிந்து கிடந்தது. ஜவுளிக்கடையில் புடைவையைத் தோளில் போட்டுப் பார்ப்பதுபோல, நாத்தனார் ஒவ்வொரு சொல்லாகத் தன்மேல் போட்டுப் பார்த்துக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

“‘எக்செம்ப்ளரி’ன்னா?”

“மத்தவங்களுக்கு முன்மாதிரியா இருக்கக்கூடியவ.”

“ஐயோ, வேண்டாம். எனக்க கூட டூட்டி பாக்குதவளுவ சிரிச்சே சாவாளுவ.”

“‘இம்பெக்கபிள்’ போடுவோமா? குறையே சொல்ல முடியாதவ.”

“போன மாசம் ஒரு தெர்மாமீட்டர உடச்சேன்லா?”

“‘டெடிகேட்டட்’?”

“அது எல்லாவளும் போடுதது மைனி. எங்க ஆஸ்பத்திரி லிஃப்ட்லகூட எழுதி ஒட்டியிருக்கு.”

அந்தப் பக்கமாகப் போன என் கணவர் நின்று எட்டிப்பார்த்தார். “எதுக்குடே இத்தன பாடு? ‘இவள அனுப்பினா எங்களுக்கு நஷ்டமாக்கும்’னு ஒரு வரி எழுதுங்க. தீந்துது.”

“ஏன், நீங்க எழுதிக் குடுங்களேன்” என்றாள் தங்கை. “இத்தன வருசத்துல எனக்கு நல்லதா ஒரு வார்த்த சொன்னது உண்டா நீங்க?”

“ஏன் இல்ல? நீ பத்துல ஜெயிச்சப்ப ‘செரி’ன்னு சொன்னேன்லா?”

அவரைத் துரத்திவிட்டு எழுதி முடித்தோம். என் வரைவில் எக்ஸலண்ட் மூன்று முறையும், எக்ஸெப்ஷனல் இரண்டு முறையும் வந்தன. ஒரே சொல் திரும்பத் திரும்ப வரக்கூடாதென்று சூப்பர்லேட்டிவ், ஸ்டெல்லர் என்றெல்லாம் தூவியிருந்தேன். வாசித்துப் பார்த்தபோது எனக்கே அந்தக் கடிதத்தில் இருந்த பெண்ணிடம் கொஞ்சம் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஸ்கூட்டரை அவள் ஓட்ட, கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு நான் பின்னால் உட்கார்ந்தேன். காஞ்சிரங்குளத்தில், வெட்டுக்கல் மதில் வைத்த வீட்டில், ஆராதனைக்கு உடுத்த வெள்ளைப் புடைவையை மாற்றாமலேயே சூப்பிரண்டு கதவைத் திறந்தார்.

“எதுக்கு வந்திருக்கியன்னு தெரியும். செருப்ப வெயில்ல போடாதிய, இந்த ஓரத்துல போடுங்க. இரிங்க டீச்சரே.” நூலகத்தில் வேலை பார்த்தாலும் கல்லூரிக்குள் போய்வருகிற பெண்களெல்லாம் இங்கே டீச்சர்தான்.

சாயாவும், நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரியும் வந்தன. ஒன்றைத் தின்றுவிட்டு, வந்த காரியத்துக்கு வழி திறக்கும் என்ற எண்ணத்தில், “ரொம்ப அருமையா இருக்கு மேடம்” என்றேன்.

அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். “அருமைன்னு சொல்லுதிய. ஒண்ணு தின்னுட்டு கையத் தொடைக்கிய. இதுல எது உள்ளது?”

உள்ளது என்றால் இங்கே உண்மை; அதைக் காட்ட நான் இன்னும் மூன்று தின்றேன். அவர் முகம் சற்று இளகியது.

நாத்தனார் கைப்பேசியில் படிவத்தைத் திறந்து நீட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, தன் கையெழுத்தைத் தானே சரிபார்ப்பவர்போல வாசித்தார். “இதுல என்ன தப்பு? நீ ஜோலி செய்தா எனக்குத் திருப்தி உண்டு. திருப்தின்னு போட்டேன். எனக்க சர்வீசுல ஒரு வரியிலயும் இந்தக் கட்டத்துக்குக் கீழ போகாம டிக் போட்டது ரெண்டு பேருக்காக்கும். அதுல ஒருத்தி செத்துப்போனா.”

“பின்ன, மத்தவங்களுக்கு எந்தக் கட்டம் மேடம்?” என்று கேட்டேன்.

“மத்தவளுவ கொண்டுவந்த ஃபாரத்த நான் வாங்கவே இல்ல.”

அங்கே நிலைமை வேறு என்பதை நான் பொறுமையாக விளக்கினேன். அந்த நாட்டில் ‘சாட்டிஸ்ஃபாக்டரி’ என்றால் ‘வேறு ஆள் கிடைத்தால் நல்லது’ என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ‘குட்’ என்பதே நடுப்பெஞ்சு. வேலைக்கு எடுக்க வேண்டுமானால் குறைந்தது ‘எக்ஸலண்ட்’ வேண்டும்.

அவர் வருத்தத்தோடு தலையை அசைத்தார். “அப்போ அவியளுக்குத் திருப்தின்னு ஒண்ணே கிடையாதா? பாவம்.”

“முதல் கட்டம், அவுட்ஸ்டாண்டிங்...”

“அது மனுசருக்கு உள்ளதல்ல டீச்சரே. அது கர்த்தருக்காக்கும். நான் அதுல டிக் போட்டுட்டு நாளைக்கு எங்க போயி நிக்க?”

இனி விளக்கத்தால் பயனில்லை என்று கண்டு கடிதத்தை வாசித்துக் காட்டினேன். அவர் ஜெபத்துக்கு நிற்பவர்போலக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஸ்டெல்லர் வந்த இடத்தில் புருவம் ஒருமுறை ஏறி இறங்கியது. முடிந்ததும் கண்ணைத் திறந்து, மெய்யான அக்கறையோடு கேட்டார்: “இந்தப் பெண்ணு ஆரு? நம்ம ஆஸ்பத்திரிதானா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. நாத்தனாருக்கு வரவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டாள். பதினாறு ஆண்டுகளில் அவர் முன்னால் அவள் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும்.

“மேடம், நான் ஒண்ணு கேக்கட்டா? எனக்க மேல உங்களுக்கு என்ன வெறுப்பு? மொடையா, அடங்காத ஒரு நோயாளி வந்தா உடனே எனக்கு. ஏழாம் கட்டில் எனக்கு. ஒருநாள், ஒரே ஒருநாள், எளுப்பமான கட்டில் தந்தது உண்டா? நான் என்ன செய்தேன் உங்கள? இப்போ எனக்க பெண்ணுக்கு அவளுக்க அப்பன்கூட இருக்க ஒரு வழி வந்தா, அதையும்...”

சூப்பிரண்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். எதையோ தவறவிட்டவர்போல என்னைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

“வெறுப்பா?” என்றார். “எடி, மொடையா உள்ள நோயாளிய நான் பின்ன ஆருக்க கையில குடுப்பேன்? அறியாதவளுக்க கையிலயா? காலையில பதிவேட்டத் தொறந்தா மொதல்ல உனக்க பேர எழுதிட்டுத்தான் மத்தவளுவளுக்குப் பிரிப்பேன். எனக்க அண்ணன் ஸ்ட்ரோக் வந்து கெடந்தப்ப எந்தக் கட்டில்ல போட்டேன்?”

நாத்தனார் மெதுவாக, “ஏழு” என்றாள்.

“வேற கட்டில் ஒழிவு இல்லாமலா? மூணு கட்டில் ஒழிஞ்சு கெடந்துது. ரெண்டாம் கட்டில் ஜன்னல் பக்கம், நல்ல காத்தும் உண்டு. பின்ன ஏன் ஏழுல போட்டேன்?”

“நீங்க அப்போ சொல்லல்லியே மேடம்.”

“சொன்னா நீ கெட்டுப்போவ.”

“இப்போ சொல்லுதிய?”

“இப்போ நீ போறியே” என்றார் அவர். பிறகு முற்றத்துச் செடிகளைப் பார்த்துக்கொண்டு, “இது உனக்குத் தெரிஞ்ச காரியம்னுல்லா நான் நெனச்சேன்” என்றார்.

ஸ்டெல்லர், சூப்பர்லேட்டிவ் எல்லாம் என் மடியில் அசட்டுத்தனமாகக் கிடந்தன. நான் அந்தத் தாளைத் திருப்பி, வெறுமையாக இருந்த பின்பக்கத்தை மேலாக வைத்துக்கொண்டேன்.

“மேடம், இப்போ சொன்னீங்கல்லா, இதையே எழுதட்டுமா?”

“இதையா? இதுல என்ன இருக்கு, ஒரு நல்ல இங்கிலீஷ் வார்த்தகூட இல்லியே.” கொஞ்சம் யோசித்தார். “செரி, எழுதுங்க. நான் சொல்லுததத்தான் எழுதணும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். ஃபாரத்த நான் திருத்த மாட்டேன், அதையும் சொல்லிட்டேன். ஒப்பு போட்டா போட்டதாக்கும்.”

அவர் சொல்லச் சொல்ல, அவருடைய வாக்காகவே ஆங்கிலத்தில் எழுதினேன்: பதினாறு ஆண்டுகளாக இவரைத் தெரியும். வேலைக்கு இரண்டு முறை தாமதமாக வந்திருக்கிறார்; இரண்டும் ஹர்த்தால் நாட்கள்; இரண்டு நாளும் வண்டி ஓடாததால் வீட்டிலிருந்து நடந்தே வந்தார். படுக்கையோடு கிடப்பவர்களைப் பொறுப்பில் விட்டால், இவரிடம் இருக்கும் வரை அவர்களுக்குப் படுக்கைப் புண் வந்ததில்லை. சாப்பிட மறுக்கும் முதியவர்கள் இவர் கையால் சாப்பிடுகிறார்கள். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை, கேட்டதும் இல்லை. வார்டில் மிகக் கடினமான நோயாளியை எப்போதும் இவரிடமே ஒப்படைத்திருக்கிறேன். என் சொந்த அண்ணனையும் இவரிடமே ஒப்படைத்தேன்.

ஆசை யாரை விட்டது? ‘நர்ஸ்’ என்ற சொல்லுக்கு முன்னால் ஓசைப்படாமல் ஒரு ‘டெடிகேட்டட்’டைச் செருகினேன். அவர் தாளை வாங்கி, வார்டுப் பதிவேட்டைத் திருத்தும் அதே சிவப்புப் பேனாவால் அதை ஒரே கோடாக அடித்தார்.

“இது நான் சொல்லல்லியே டீச்சரே.”

“இல்ல மேடம், ஒரு ஓட்டத்துக்கு...”

“ஓட்டம் வேண்டாம். நடந்தாப் போதும்.”

கடைசியில் அவரே பேனாவைப் பிடித்து, கோடு போட்டதுபோன்ற கையெழுத்தில் ஒரு வரி சேர்த்தார்: படிவத்தில் நான் குறித்திருப்பது, எனது வழக்கத்தில் மனிதர்களுக்குத் தரப்படும் மிக உயர்ந்த மதிப்பு. அதன் அடியில் ஒப்பு போட்டார். என்னிடம் சுத்தமாகப் படி எடுத்து மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரச் சொன்னார். முத்திரை அங்கேதான் இருந்தது.

புறப்படும்போது நாத்தனார் வாசலில் நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் முந்திக்கொண்டார். “நாளைக்கு ஏழு மணிக்கு வந்துரணும். ஏழாம் கட்டில்ல வயசான ஒரு அப்பாவன் வந்திருக்காரு. நேத்து ரெண்டு பேர அடிச்சாரு.”

திரும்பும் வழியில், நெய்யாற்றின்கரைக்கு முன்பாக, ஒரு மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்து ஓரம் நாத்தனார் ஸ்கூட்டரை நிறுத்தினாள். இறங்கவில்லை, ஹேண்டில்மேல் கையை வைத்தபடி அப்படியே இருந்தாள்.

“மைனி, பதினாறு வருசம் நான் வீட்டுல வந்து அவியள ஏசின ஏச்சு...”

“அதுல பாதி எனக்கும் மனப்பாடம்” என்றேன்.

“செத்துப்போன அந்த இன்னொருத்தி ஆருன்னு தெரியுமா? எங்க வார்டுல பண்டு இருந்தவ. அவளையும் நாங்க பாவம்னு சொல்லுவோம், மேடத்துக்குப் பிடிக்காதவன்னு.” மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “எதுக்கு மைனி நம்ம ஊருல ஒருத்தரும் ஒண்ணும் வாய் தொறந்து சொல்லமாட்டாவ?”

“வண்டிய எடு, மழ வருது” என்றேன்.

திங்கட்கிழமை கடிதம் போனது. செவ்வாய் கழிந்தது, புதனும் கழிந்தது. இந்த மூன்று நாளும் நாத்தனார் வேலைக்குப் போய்வந்தாள், மீன் வாங்கினாள், மகளின் சீருடையைத் தேய்த்தாள். கைப்பேசி ஒலித்தால் மட்டும் மாவுக்கையோடு ஓடினாள். என் கணவர் தினமும் வேலையிலிருந்து வந்ததும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால், “வந்துதா?” என்று என்னிடம் கேட்பார். தங்கையிடம் கேட்க மாட்டார்.

வியாழக்கிழமை மாலை வந்தது. ஏஜென்சிப் பெண் இந்த முறை தயங்கவே இல்லை. மூச்சு விடாமல் பேசினாள். கடிதத்தை இல்லத்துப் பொறுப்பாளர் மற்றவர்களுக்கும் வாசித்துக் காட்டினாராம். கேள்வி ஒன்றும் இல்லையாம். எந்தத் தேதியில் வந்து சேர முடியும், கூட யார் யார் வருகிறார்கள் என்று மட்டும் கேட்டிருக்கிறார்களாம்.

மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, நாத்தனார் என் அடுக்களையிலேயே கைப்பேசியை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்து மஸ்கட்டுக்குக் கூப்பிட்டாள். திரையில் அவர் முகம் தெரிந்தது. பின்னால் இரண்டடுக்குக் கட்டில், கொடியில் யாருடைய சட்டையோ. அவள் சொல்லி முடித்தாள். அவர் அசையவில்லை. நெட்வொர்க் போய்விட்டதென்று மகள் கைநீட்டப் போனபோதுதான் அவர் கண்ணைத் துடைத்தார்.

“உள்ளதாக்குமா?” என்று கேட்டார்.

“உள்ளதாக்கும்.”

“தங்குததுக்கு வீடு?”

“அவியளே தருவாவளாம். ரெண்டு முறி, ஒரு அடுக்களை.”

“ரெண்டு முறியில மூணு பேரா?” என்றார் அவர். பதினோரு ஆண்டுகளாக ஆறு பேரோடு ஓர் அறையில் படுக்கிறவர்.

“பின்ன? உங்களுக்கு எடம் போராதா?” என்றாள் அவள். “போராதுன்னா சொல்லுங்க, நாங்க ரெண்டு பேரும் போறோம்.”

அவர் சிரித்தார். மகளும் சிரித்தாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு, வெளியே கொடியில் துணி ஒன்றும் இல்லாதபோதும், துணி எடுக்கப் போனேன்.